மலையிறங்கும் ஜீப்பும் இரண்டு முறையீடுகளும்

ஓடுகின்ற வண்டி எதுவாயினும் ஓசையின்றி ஓடுவதில்லை. மாட்டு வண்டியின் அச்சு முனகத் தொடங்கினால், வண்டிக்காரர் வண்டியை நிறுத்திக் கடையாணியைக் கழற்றி மசகு இடுவார். அம்முனகல் எங்கிருந்து எழுகின்றது என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டுவதில்லை. அவ்வண்டியில் ஓசை எழக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. மோட்டார் வண்டியின் செய்தி அவ்வாறன்று. ஓசை கேட்கும் இடம் ஒன்றாகவும், அவ்வோசைக்குக் காரணமான இடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். இதனை அறியாமல், ஓசை வந்த உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டிப் பணத்தையும் நாட்களையும் இழந்தவர்கள் பலர். அவர்களுள் என் குடும்பத்தாரும் உண்டு. ஆகவே, மலைத்தடங்களில் ஓடும் ஜீப் வண்டியில் அடிக்கடி நேரும் இரண்டு குறைகளைப் பற்றி இன்று மாணவர்களாகிய உங்களோடு பேச எண்ணுகிறேன். ஒன்று, பிரேக் பிடிக்கும்போது எழும் கிறீச்சொலி. மற்றொன்று, கியர் மாற்றும்போது கைக்கு எதிர்ப்படும் முரண்டு.

ஜீப், போர்க்களத்திற்கென்றே பிறந்த வண்டி. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களாலும் இயங்குவதுமான சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்கள், இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைக் கட்டி அனுப்பின. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இவ்வண்டிகளைப் பூட்டத் தொடங்கினார்கள். அவ்வமைப்பைத் தழுவிய ஜீப்புகள் பல பத்தாண்டுகள் நம் நாட்டில் செய்யப்பட்டன. காட்டிலும் மலைத் தோட்டங்களிலும் அவற்றுட் சில இன்னமும் உழைத்து வருகின்றன.

கொல்லிமலையில் என் தம்பிக்கு மிளகும் வாழையும் விளையும் சிறு தோட்டம் ஒன்று உண்டு. அங்கே அத்தகைய பழைய ஜீப் ஒன்று ஓடுகின்றது. மூன்று முன்கியர்களும், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கும் உடைய வண்டி. தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரையில் கல்லும் சேறும் நிறைந்த தடம். இடையில் ஓர் ஓடை. சாலையை அடைந்த பின்னர், அடிவாரமாகிய காரவள்ளியைச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். 2019 ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த தறுவாயில் அவ்வண்டியின்மீது இரண்டு முறையீடுகள் எழுந்தன. பிரேக் அலறுகின்றது என்பது ஒன்று. கியர் விழ மறுக்கின்றது என்பது மற்றொன்று. பட்டறையில் நான்கு சக்கரங்களுக்கும் புதிய லைனிங் போட்டார்கள். இரண்டு மாதங்களில் அலறல் திரும்பிவிட்டது. கியர்ப் பெட்டியை இறக்கிப் பிரித்துச் சில வளையங்களை மாற்றிப் பூட்டினார்கள். முரண்டு சற்றும் தணியவில்லை.

பணம் செலவானதோடு போயிருந்தால் இதனைப் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு நாள், வாழைத்தார் சுமையோடும் தோட்டத் தொழிலாளர் நால்வரோடும் இறங்கும்போது, அடிவாரத்திற்குப் பதினொரு வளைவு இருக்கையில் பிரேக் மிதி பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே இறங்கிற்று. ஓட்டுநர் அதனை விட்டு விட்டு மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை. அதன் பின்னரே தம்பி என்னை அழைத்தான். நான் மெக்கானிக் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன். எனினும், ஒரு குறையை விசாரிக்கும் முறை வகுப்பறைக்கும் பட்டறைக்கும் ஒன்றே அன்றோ? ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

முதலில் ஓசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதும்போது, சில வேளைகளில் பல் கூசும்படி ஓர் ஒலி எழுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வேளையில் சுண்ணக்கட்டி பலகையின்மீது சீராக வழுக்கிச் செல்வதில்லை. ஒரு கணம் பற்றி நிற்கின்றது, கை மேலும் தள்ளவே, சட்டென்று விடுபட்டு நழுவுகின்றது, மீண்டும் பற்றுகின்றது. ஓய்ந்திருக்கும் பொருளை அசைப்பதற்கு வேண்டிய விசை, அசைந்த பொருளை நகர்த்திச் செல்ல வேண்டிய விசையைவிட மிகுதி என்று உராய்வுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த வேறுபாடே இவ்விளையாட்டை ஆட்டுவிக்கின்றது. பற்றுதலும் நழுவுதலும் ஒரு நொடியில் பல நூறு தடவை நிகழும்போது, அது அதிர்வாகி நம் காதில் கிறீச்சொலியாக விழுகின்றது. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இம்முறையிலேதான். கேட்பவர் முகம் சுளிப்பதும் மகிழ்வதும் வாசிப்பவரின் கையைப் பொறுத்தவை. ஆசிரியர் அப்போது என்ன செய்கிறார்? கட்டியை இரண்டாக ஒடித்துச் சிறு துண்டால் எழுதுகிறார். அல்லது பிடிக்கும் கோணத்தை மாற்றுகிறார். சுண்ணம் மாறவில்லை; பலகையும் மாறவில்லை. அதிரும் நீளமும் தொடும் விதமும் மாறின, ஒலி அடங்கிற்று.

டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு வட்டில் ஒன்று இருக்கின்றது. அதுவே டிரம். அதனுள்ளே பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் அசையாத தட்டு ஒன்றில் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் முதுகில் லைனிங் என்னும் உராய்பட்டை ஆணியறையப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்கும். மிதியை அழுத்தினால், குழாய்களில் நிறைந்துள்ள திரவம் அவ்வழுத்தத்தைச் சக்கரத்தருகே உள்ள சிறு சிலிண்டருக்குக் கொண்டு செல்கின்றது. சிலிண்டர் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தோடு அழுத்துகின்றது. காலை எடுத்தவுடன் வில்சுருள் அவற்றை உள்ளிழுத்துக்கொள்கின்றது. இப்போது டிரம்மைக் கரும்பலகையாகவும் லைனிங்கைச் சுண்ணக்கட்டியாகவும் எண்ணிப் பாருங்கள். லைனிங் தேயாமலேயே ஒலி எழலாம் என்பது விளங்கும். அதன் முகம் கண்ணாடிபோல் இறுகிப் பளபளத்தாலும், ஷூவைப் பற்றியிருக்கும் வில்சுருள் தளர்ந்தாலும், டிரம்முக்குள் நுண்தூள் அடைந்தாலும் கிறீச்சொலி பிறக்கும்.

ஆனால் எல்லா ஓசையும் கிறீச்சொலி அன்று. பிரேக்கைத் தொடாதபோதும் சரசரவென்று தேய்க்கும் ஒலி இடைவிடாது வருமாயின், சேறோ சிறு கல்லோ டிரம்முக்கும் தட்டுக்கும் இடையில் புகுந்திருக்கின்றது என்று கொள்ளலாம்; சேற்றுத் தடத்தில் ஓடிய மறுநாள் இதைக் கேட்பது இயல்பு. மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைபடுவது போன்ற கரகரப்பு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. லைனிங் தேய்ந்து, ஆணித்தலைகள் டிரம்மை உழுகின்றன என்பது அதன் பொருள். ஓசையோடு மிதியும் காலின்கீழ் துடித்தால், டிரம் வட்டம் குலைந்து நீள்வட்டம் ஆகியிருக்கக்கூடும். கடைசல் எந்திரத்தில் செப்பனிட்டுக் கொண்டுவந்த டிரம்மில், மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு தட்டொலி கேட்பதும் உண்டு. இது வேடிக்கையான குறை. கடைசல் உளி விட்டுச் சென்ற மிக நுண்ணிய திருகுவரி, திருகாணியின் மரைபோல் ஷூவை ஒரு பக்கமாக இழுத்துச் செல்கின்றது; எல்லைக்கு வந்ததும் ஷூ தன் இடத்திற்குத் துள்ளுகின்றது. அத்துள்ளலையே நாம் தட்டொலியாகக் கேட்கிறோம்.

ஓடையைக் கடக்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. நனைந்த டிரம் பிரேக், பிடிக்க வேண்டிய அளவில் பிடிக்காது. நீர் இடையில் நின்று உராய்வைக் குறைத்துவிடுகின்றது. ஆகவே கரையேறியவுடன் மெல்லச் சென்றுகொண்டே மிதியை இலேசாக அழுத்தி, உராய்வின் சூட்டால் உலர்த்திக்கொள்ள வேண்டும். ஓடைநீர் ஆக்ஸிலுக்குள் நுழைவது அதனினும் நுட்பமான செய்தி. ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குழாய் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்குகின்றது. மேலே உள்ள மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், வெளிக்காற்று அவ்வழியே நுழைய இயலாது. சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்ப, சீல் வழியே நீர் உறிஞ்சப்படுகின்றது. உள்ளே உள்ள எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். அதே துளை அடைபட்ட நிலையில் வண்டி மேலும் சூடேறினால், எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கின்மீது கசியும். எண்ணெய் ஊறிய லைனிங் ஒரு பக்கமாக வண்டியை இழுக்கும். விரல் நுனியளவுள்ள மூச்சுத்துளை ஒன்று அடைபடுவதால் இத்தனையும் நேர்கின்றன. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டுவோர் உளர். அது பயன்படாது, சூடேறும்போது உள்ளே ஊறியது மேலெழும். மாற்றிவிடுவதே முறை.

டிரம்மைத் திறப்பவர்கள் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலில் தங்கிக் கொடிய நோய்களை விளைவிப்பது. வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ தூளை எழுப்பாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மற்றொன்று, பழைய ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்புறம் செல்லும் சுழல்தண்டின்மீது, துணைக் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றது. அதை நம்பி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகத் தன்போக்கில் சுழல, தரையில் உள்ள சக்கரம் உருண்டு வண்டி நழுவிவிடும். சரிவில் மட்டுமன்று, சமதரையிலும் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்த பின்னரே தூக்க வேண்டும்.

இனிக் கியருக்கு வருவோம். கியர்ப் பெட்டிக்குள் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை ஒன்றோடொன்று கோத்தாக வேண்டும். வேகங்கள் ஒவ்வாதபோது பற்களைக் கோக்க முயன்றால், அவை ஒன்றையொன்று கடித்துக் கரகரக்கும். இதற்காக இரண்டாம், மூன்றாம் கியர்களில் பித்தளை போன்ற கலவையால் ஆன கூம்பு வளையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். சிங்க்ரோ வளையம் என்று பட்டறையில் சொல்வது இதனையே. கியர்க் கம்பை நகர்த்தும்போது, பற்கள் சேர்வதற்கு முன் இவ்வளையம் கூம்பின்மீது அழுந்தி, உராய்வினால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகின்றது. சொல்லப்போனால், இது கியர்ப் பெட்டிக்குள் அமைந்த மிகச் சிறிய பிரேக். பழைய ஜீப்பின் முதல் கியருக்கும் பின்னோட்ட கியருக்கும் இவ்வசதி இல்லை. வண்டி நின்ற பின்னரே அவற்றைப் போட வேண்டும்; ஓட்டத்தில் முதல் கியருக்கு வர, கிளட்ச்சை இருமுறை மிதித்து இடையில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிச் சமன் செய்யும் பழைய வித்தையைக் கற்றிருக்க வேண்டும். எனவே அங்கே கரகரப்பதைப் பெட்டியின் குறையாகக் கருதலாகாது.

சிங்க்ரோ வளையம் ஒரு பிரேக் என்று அறிந்தால், எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் இத்தனை கவனம் வேண்டும் என்பதும் விளங்கும். வழுவழுப்பு மிகுந்த எண்ணெயே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆக்ஸிலில் ஒன்றன்மீது ஒன்று வழுக்கியபடி பெரும் பாரம் தாங்கும் பற்சக்கரங்களுக்கு ஜி.எல். 5 என்னும் தரத்து எண்ணெய் ஏற்றதே. ஆனால் கந்தகமும் பாஸ்பரமும் கலந்த அதன் சேர்மங்கள், சில வகை எண்ணெய்களில், பித்தளை வளையங்களை நாளடைவில் அரிக்கக்கூடும். அன்றியும், வளையம் பற்ற வேண்டிய இடத்தில் அவ்வெண்ணெய் வழுக்கவிடும். பழைய கியர்ப் பெட்டிக்கு ஜி.எல். 4 தரத்து எண்ணெயே பொருந்தும். எண்ணெய் அளவுக்கு மேல் தடித்திருந்தால், குளிர்ந்த காலைப்பொழுதில் கியர் முரண்டு செய்து, சிறிது தூரம் ஓடியதும் இளகிவிடும். காலையில் மட்டும் முரண்டும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், வடிகால் திருகைத் திறந்து பார்ப்பது நலம்.

நான்கு சக்கர ஓட்டத்திற்குரிய கம்பு சிக்கிக்கொள்வதும் உண்டு. இதனைக் குறையென்றே சொல்லக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் செல்லும் வட்டம், பின்சக்கரங்கள் செல்லும் வட்டத்தைவிடப் பெரிது. ஆகவே அவை மிகுதியாகச் சுழன்றாக வேண்டும். இவ்வண்டியிலோ நான்கு சக்கர ஓட்டத்தில் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறி, பற்களை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கம்பை இருவர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. சில அடி பின்னோக்கி ஓட்டினாலோ, ஒரு பக்கத்துச் சக்கரங்களை மண்ணில் இறக்கினாலோ முறுக்கு அவிழ்ந்து கம்பு தானே வந்துவிடும். சுத்தியலைத் தேடுவது வீண். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்த டயர்கள் இருந்தால், நேர்ச்சாலையிலும் இத்தொல்லை வரும்.

தோட்டத்தில் அன்று காலை நான் செய்த முதற்சோதனை மிக எளிது. வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கியர்க் கம்பை எல்லா நிலைகளுக்கும் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஒன்றிரண்டு இடங்களில் பல்லோடு பல் முட்டியதை வண்டியைச் சற்று அசைத்துச் சரிசெய்ததும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கம்பு சென்றது. பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதும் மிதித்து, ஐந்து வரை எண்ணி, பின்னோட்ட கியரைப் போட்டேன். கரகரவென்று பற்கள் கடித்தன. மாணவர்களே, இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். இயந்திரம் நின்றபோதும் கம்பு முரண்டியிருந்தால், குறை கம்பிலோ பெட்டியிலோ எண்ணெயிலோ இருக்கலாம். இயந்திரம் ஓடும்போது மட்டும் முரண்டுகின்றது என்றால், சுழற்சி பெட்டிக்குள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றது. அதனை அறுத்து நிறுத்த வேண்டியது கிளட்ச். அது முழுதும் விடுபடவில்லை. அத்தனை செலவில் பிரித்துப் பூட்டிய பெட்டியில் தொடக்கம் முதலே குறை இல்லை.

கிளட்ச் விடுபடாமைக்குக் காரணங்கள் பல. தட்டு கோணியிருக்கலாம்; ஓடைநீர் பட்டுத் துரு ஏறி ஒட்டியிருக்கலாம்; தண்டின் முனையைத் தாங்கும் சிறு புஷ் இறுகியிருக்கலாம். இவற்றைக் காணப் பெட்டியை மீண்டும் இறக்க வேண்டும். ஆகவே, இறக்காமல் காணக்கூடியதை முதலில் பார்த்தோம். மிதியைக் கையால் அழுத்தினால், தடை தட்டுப்படுவதற்கு முன் வெறுமனே செல்லும் தூரம் ஏறத்தாழ ஓர் அங்குலம் இருத்தல் வேண்டும். இங்கே மூன்று அங்குலத்திற்குக் குறையவில்லை. மிதியிலிருந்து கிளட்ச்சுக்குச் செல்லும் இணைப்புத் தண்டின் ஆணித்துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. கால் சென்ற தூரத்தில் பெரும்பகுதி அந்தத் துளைகளிலேயே வீணாகிப்போயிற்று.

கியருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிரேக்கின் அலறலுக்கு? அதனை வேறொரு குறையாகவே நானும் எண்ணியிருந்தேன். பழைய பிரேக் திரவத்தை வடித்துப் புதியதை ஊற்றச் செய்து, சுமையின்றி, அடிக்கடி நிறுத்தி இறங்குவது என்ற ஏற்பாட்டோடு, ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் படித்தவர். வளைவுகளின் எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குவதால், இறங்கும்போது 70 இலிருந்து குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஓசை உண்டா இல்லையா என்று குறித்துக்கொண்டேன். 70 இலிருந்து 53 வரையில் இல்லை. 52 இல் மெல்லத் தொடங்கிற்று. 45 இல் எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நிறுத்தி டிரம்மின்மீது சில துளி நீரைத் தெளித்தேன், சீறி ஆவியாயிற்று. அரைமணி ஆறவிட்டுப் புறப்பட்டோம். அடுத்த பத்து வளைவுகளில் மீண்டும் ஓசை இல்லை.

சூடேறினால் ஒலிக்கின்றது, ஆறினால் அடங்குகின்றது. அப்படியாயின் இத்தனை சூடு ஏன்? அப்போதுதான் கியர்க் கம்பைக் கவனித்தேன். அது மேலேயிருந்தே மூன்றாம் கியரில் இருந்தது.

"ஏனப்பா, இரண்டாம் கியருக்கு மாற்றவில்லை?" என்று கேட்டேன்.

"இறக்கத்தில் விழுவதில்லை ஐயா. அதோடு போராடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. மூன்றிலேயே வைத்துப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்."

"எத்தனை நாளாக?"

"மழைக்காலத்திலிருந்து ஐயா."

"பட்டறையில் இதைச் சொன்னாயா?"

"கியர் விழவில்லை என்று சொன்னேன். எந்த கியரில் இறங்குகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை."

இரண்டு முறையீடுகளும் ஒன்றாகிவிட்டன. கணக்கைப் பாருங்கள். சுமையோடு 1500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். எடையையும் ஈர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஐயும் உயரத்தையும் பெருக்கினால், 1 கோடியே 47 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகின்றது. 30 பாகை வெப்பமுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வாற்றல் எங்கேயாவது போய்த் தீர வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கினால், அதே வேகத்திற்கு இயந்திரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகச் சுழல வேண்டியிருக்கின்றது. அவ்வாறு சுழல்வதற்குச் செலவாகும் ஆற்றலை இறக்கமே கொடுக்கின்றது. இயந்திரம் வண்டியைப் பின்னிருந்து பிடித்துக்கொள்கின்றது. மூன்றாம் கியரில் அப்பிடி தளர்ந்துவிடுவதால், பாரத்தின் பெரும்பகுதி நான்கு டிரம்களின்மீது விழுகின்றது. லைனிங்கில் உள்ள பிசின் சூட்டில் மேலெழுந்து இறுகிக் கண்ணாடி முகம் ஆகின்றது. கண்ணாடி முகம் ஒலிக்கின்றது, பிடிப்பையும் இழக்கின்றது. பிடிப்பு குறையவே ஓட்டுநர் மேலும் அழுத்துகிறார், மேலும் சூடேறுகின்றது. புதிய லைனிங் இரண்டே மாதத்தில் பழையதுபோல் அலறியதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மிதி பஞ்சுபோல் ஆனதன் காரணமும் இதுவே. கடைகளில் பிரேக் ஆயில் என்று சொல்லப்படுவது உண்மையில் எண்ணெய் அன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடைய ஒரு திரவம். டாட் 3 என்னும் தரத்தில், புதிய திரவம் 205 பாகைக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அவ்வெல்லை 140 பாகை. மழைமலையில் ஆண்டுக்கணக்காக மாற்றப்படாத திரவம், காய்ந்த டிரம்முக்கு அருகே உள்ள சிலிண்டரில் கொதித்து ஆவியாயிற்று. திரவம் அழுத்தத்திற்கு ஒடுங்காது, ஆவி ஒடுங்கும். ஓட்டுநரின் கால் அழுத்தியது அந்த ஆவியைத்தான். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவப் பாதைதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அன்று அவர் விட்டு விட்டு மிதித்ததும், தனியே இயங்கும் கைப்பிரேக்கை இழுத்ததும் ஐந்து உயிர்களைக் காத்தன. இத்திரவத்திற்குப் பதிலாக அவசரத்தில் இயந்திர எண்ணெயை ஊற்றிவிடுவோரும் உண்டு; அதில் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பிரேக் முழுதும் கெட்டுவிடும்.

அடிவாரத்துப் பட்டறையில் இணைப்புத் தண்டின் துளைகளுக்குப் புஷ் அடித்து, புதிய ஆணிகள் இட்டார்கள். அரை நாள் வேலை. கிளட்ச் மிதியின் வெற்றோட்டத்தை ஓர் அங்குலமாக வைத்தார்கள். இயந்திரம் ஓடும்போது பின்னோட்ட கியர் ஓசையின்றி விழுந்ததைக் கண்டு, முன்பு பெட்டியைப் பிரித்த அதே மெக்கானிக் சிறிது நேரம் பேசவில்லை. அவர்மீது எனக்குக் குறையில்லை. கியர் விழவில்லை என்று சொன்னவருக்குக் கியர்ப் பெட்டியைத்தான் அவர் பிரித்துக் காட்டினார். கண்ணாடி முகமான லைனிங்குகளை மூன்றாம் முறையாக மாற்றினோம்.

மறுவாரம் சுமையேற்றி, மேலிருந்தே இரண்டாம் கியரில் இறங்கினோம். நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். 70 ஆம் வளைவிலும் 69 ஆம் வளைவிலும் சிறிய கிறீச்சொலி எழுந்தது. ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார். 68 இல் அது இல்லை. பிறகு காரவள்ளி வரையில் இல்லை. இரவுப் பனியில் டிரம்மின் உட்புறம் மெல்லிய துரு படிகின்றது. முதல் சில மிதிப்புகளில் லைனிங் அதைத் துடைத்துவிடுகின்றது. குளிர்காலக் காலைகளில் அந்த ஒலி இன்றும் அவ்விரண்டு வளைவுகளில் கேட்கின்றது. அதற்காக நாங்கள் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவதில்லை.